சிவப்பு ஏன் நீலமாகிறது? – நானோ அறிவியல் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதி ஆய்வக மேசையிலிருந்து வந்தவை. மீதி, செய்தி படித்துவிட்டு எழுந்த சந்தேகங்கள். மேசைக் கேள்விகளுக்கே முதலிடம் தந்திருக்கிறோம். நானோ துகளைச் செய்வதைவிட, அதை அதே அளவில் கட்டிக்காப்பதும், அந்த அளவு எவ்வளவு என்று ஐயமில்லாமல் சொல்வதும்தான் இத்துறையில் ஆளைப் படுத்தும் வேலை என்று அந்தக் கேள்விகளே காட்டுகின்றன.

கேள்வி: முதுகலை வேதியியல் செயல்திட்டத்துக்காக சிட்ரேட் முறையில் தங்க நானோ துகள் தயாரிக்கிறோம். நல்ல சிவப்பு வர வேண்டிய இடத்தில் சில நாள் ஊதா வருகிறது. சிவப்பு வந்த நாளிலும், உப்புக் கரைசல் சேர்த்ததும் நீலமாகி, மறுநாள் கறுப்புப் பொடியாக அடியில் தங்கிவிடுகிறது. தவறு எங்கே?

பதில்: உங்களுடையது ஒரு தவறு அல்ல, இரண்டு. ஒன்று பாத்திரத்தில் இருக்கிறது, மற்றது உப்பில்.

முதலில் அளவுகளைச் சரிபாருங்கள். 0.01 சதவீதக் குளோரோஆரிக் அமிலக் (தங்க உப்புக்) கரைசல் 50 மில்லி. அது தளதளவெனக் கொதிக்க வேண்டும். வேகமாகக் கலக்கிக்கொண்டே 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் கரைசல் 1 மில்லியை ஒரே தடவையில் ஊற்றுங்கள். சுமார் 25 நொடியில் மங்கிய நீலம் தட்டும். அதன்பின் இன்னொரு 70 நொடி அளவில் நீலம் சட்டென்று சிவப்பாகத் திரும்பும். 5 நிமிடம் கொதித்தால் வினை முடிந்தது. 1951-ல் டர்க்கெவிச் குழுவினர் ஆராய்ந்து, 1973-ல் ஃபிரென்ஸ் அளவுவாரியாக ஒழுங்குபடுத்திய செய்முறை இது. 1 மில்லி சிட்ரேட்டுக்குத் துகள் சுமார் 16 நானோமீட்டர். சிட்ரேட்டை 0.5 மில்லியாகக் குறைத்தால் 41. 0.3 மில்லிக்கு இறங்கினால் 70-ஐத் தாண்டிவிடும். சிட்ரேட் குறையும்போது முளைவிடும் துகள்களின் எண்ணிக்கை குறைகிறது. இருக்கிற தங்கம் முழுவதும் அந்தச் சில முளைகள் மேலேயே படிவதால் ஒவ்வொன்றும் பெருக்கிறது. பிப்பெட்டில் அரை மில்லி பிசகினால் துகளின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும் என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

இனி பாத்திரம். முந்தைய வினையில் குடுவைச் சுவரில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத தங்கப் படலமே அடுத்த வினைக்கு வேண்டாத முளையாகிவிடும். இராஜ திராவகம், அதாவது 3 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1 பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த கலவை, அதைக் கரைத்துவிடும். புகைபோக்கி அறைக்குள், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தேவைக்கு மட்டும் அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள். மூடி போட்டு வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். காந்தக் கலக்கியின் கட்டையையும் அதே கலவையில் கழுவ மறக்காதீர்கள். பலரும் தவறவிடுவது அதைத்தான். தங்க உப்பை எஃகுக் கரண்டியால் எடுக்கக் கூடாது, எஃகே அதை ஒடுக்கிவிடும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கரண்டி போதும். சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாலும், கொதி அடங்கிய பிறகு விட்டாலும், முளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறக்காது. முந்திப் பிறந்தது பெரிதாக, பிந்திப் பிறந்தது சிறிதாக நின்றுவிடும். உங்கள் ஊதா பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால் வந்திருக்கும்.

உப்பின் கதை வேறு. தங்கத் துகளின் மேல் சிட்ரேட் அயனிகள் போர்த்தியிருப்பதால் ஒவ்வொரு துகளும் எதிர்மின்சுமை தாங்கி நிற்கிறது. ஒன்றையொன்று விலக்குவதால்தான் அவை மிதக்கின்றன. அந்த விலக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கரைசலில் உள்ள உப்பே தீர்மானிக்கிறது. 1 மில்லிமோலார் சாதாரண உப்பில் சுமார் 10 நானோமீட்டர் வரை எட்டும். 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டரோடு நின்றுவிடும். உடல்திரவத்துக்கு இணையான 0.9 சதவீத உப்புநீர் 154 மில்லிமோலார் என்பதால், அங்கே 1 நானோமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு நெருங்கிவிட்டால் துகள்களுக்கு இடையே உள்ள வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு கை ஓங்கிவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். தனித்தனித் துகள் 520 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே ஒளியை விழுங்குவதால் சிவப்பாகத் தெரிகிறது. ஒட்டிய துகள்களின் எலக்ட்ரான் அலைவுகள் ஒன்றோடொன்று பிணைந்து, விழுங்கும் இடம் 600-க்கு மேல் நகர்கிறது. அதைத்தான் நீங்கள் நீலமாகப் பார்க்கிறீர்கள். ஒட்டியதை எவ்வளவு கலக்கினாலும் பிரிக்க முடியாது.

ஆகவே உப்பில் வேலை செய்வதென்றால் அதற்கு முன்பே வேறு போர்வை வேண்டும். முனையில் கந்தகம் உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி தங்கத்தை இறுகப் பற்றும். இதற்குப் பிறகு துகளை விலக்கி வைப்பது மின்சுமை அல்ல, சங்கிலிகளின் இட நெருக்கடி. அதனால் உப்பு அதை அசைக்காது. போர்த்திய பின் சிறு பங்கை எடுத்து உப்பு சேர்த்து, 520-லும் 650-லும் உட்கவர்வை, அதாவது ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதை, அளந்து விகிதம் பாருங்கள். விகிதம் விழவில்லையென்றால் மிச்சத்திலும் சேர்க்கலாம். கடைசியாக ஒன்று: கரைசலைக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். பனிக்கட்டி வளர வளர உப்பையும் துகளையும் மிஞ்சிய நீருக்குள் நெருக்கித் தள்ளும். உருகிய பிறகு நீலக் கறை மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: அதே துகளுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 15 நானோமீட்டர் வருகிறது. ஒளிச்சிதறல் கருவியான டி.எல்.எஸ்.-ல் 48 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டும் அளப்பது ஒரே பொருளை அல்ல. நுண்ணோக்கி உலோக உள்ளகத்தை மட்டும் பார்க்கிறது. டி.எல்.எஸ். துகள் நீரில் எவ்வளவு வேகமாகத் தள்ளாடுகிறது என்று பார்த்து, அந்த வேகத்துக்கு எவ்வளவு பெரிய உருண்டை பொருந்தும் என்று கணக்கிடுகிறது. மேலே ஒட்டிய சங்கிலி, புரதம், கூடவே இழுபடும் நீர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் சிட்ரேட் மட்டும் போர்த்திய 15 நானோமீட்டர் துகள் அதனால் 48 ஆகிவிடாது. உங்கள் கரைசலில் கொஞ்சம் கட்டி இருக்கிறது, அல்லது தூசி.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு கெடுக்கும் தெரியுமா? சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் 10 லட்சத்துக்கு நிகராக ஒளி சிதறடிக்கும். 10 லட்சம் நல்ல துகளுக்கு நடுவே ஒரு கட்டி இருந்தால், கருவி கேட்கும் சத்தத்தில் பாதி அந்தக் கட்டியுடையது. நுண்ணோக்கியில் 200 துகளை எண்ணிவிட்டு வருகிறவருக்கு அந்தக் கட்டி கண்ணில் படவே படாது.

மாதிரியை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள். நீர்க்கச் செய்வதானால் வெறும் நீரில் அல்ல, அது இருக்கும் அதே கரைசலில் செய்யுங்கள். வெப்பநிலை நிலைபெற சில நிமிடம் விடுங்கள். 20 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குப் போனால் நீரின் பிசுக்குமை 1.00-லிருந்து 0.89 மில்லிபாஸ்கல் நொடிக்கு இறங்குகிறது. கருவியில் தவறான வெப்பநிலை பதிந்திருந்தால் அளவு பத்து சதவீதத்துக்கு மேல் பிசகிவிடும். துகள்களின் அளவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்று காட்டும் பரவல் எண் 0.1-க்குக் கீழே என்றால் நிம்மதி. 0.3-ஐத் தாண்டினால் அந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை. திரையில் எண்ணிக்கைவாரிப் பரவலுக்கு மாற்றினால் அழகான சிறிய எண் வரும், ஆனால் அது அளவீடு அல்ல, மாற்றுக் கணக்கு. ஆய்வறிக்கையில் அதை மட்டும் போடுவது நேர்மையாகாது. தங்கத் துகள் 40 நானோமீட்டருக்கு மேல் இருந்தால் 5 நானோமீட்டர் அருகே ஒரு பொய்ச் சிகரமும் எழும். முழு உருண்டையாக இல்லாத துகள் தன்னைத்தானே சுழல்வதால் வருவது அது. புதிய சிறு துகள் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ள வேண்டாம்.

கேள்வி: எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் நான்கு வகைக் கொழுப்பு எதற்கு? ஒன்று போதாதா? ஆய்வகத்தில் நாங்கள் கலக்கும்போது 90 நானோமீட்டருக்குப் பதில் 250 வருவது ஏன்?

பதில்: ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. அயனியாகும் கொழுப்புதான் தலைவர். அமிலத்தில் நேர்மின்சுமை ஏற்று எம்.ஆர்.என்.ஏ.-வைப் பற்றிக்கொள்ளும். இரத்தத்தின் நடுநிலையில் சுமையை இறக்கி வைத்துவிடுவதால் செல்லுக்கு நஞ்சாகாது. செல் அதை விழுங்கிய பையில் அமிலம் ஏறும்போது மறுபடி சுமை ஏற்று, அந்தப் பையின் சுவரைக் கிழித்து வெளியேறப் பார்க்கும். இந்தத் திருப்பம் பிஹெச் 6-க்கும் 7-க்கும் நடுவே நடக்கும்படி மூலக்கூறை வடிவமைப்பதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. பாஸ்போலிப்பிடும் கொலஸ்டிராலும் கட்டமைப்பைத் தாங்குகின்றன. பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒட்டிய கொழுப்பு, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடாமல் வெளியே காவல் நிற்கிறது. 50, 10, 38.5, 1.5 என்ற மோல் விகிதம் பரவலாகப் பயன்படுவது. அந்தக் கடைசி 1.5-ல் கை வைப்பவர்கள் கவனிக்க: குறைத்தால் துகள் பெருக்கும், கூட்டினால் செல்லுக்குள் நுழைவது தடைபடும்.

250 வருவதற்குக் காரணம் அநேகமாகக் கலக்கும் வேகம். கொழுப்புகள் எத்தனாலில், எம்.ஆர்.என்.ஏ. பிஹெச் 4 தாங்கல் கரைசலில் என வைத்து, 1-க்கு 3 கன அளவில், நுண்கால்வாய்ச் சில்லில் நிமிடத்துக்கு 12 மில்லி வேகத்தில் சந்திக்க வைப்பார்கள். சில மில்லிநொடியில் எத்தனால் நீர்த்துப் போனால் கொழுப்பு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் திரளும், துகள் சிறிதாக நிற்கும். கையால் பிப்பெட்டில் ஏற்றி இறக்கினால் எத்தனால் மெதுவாக நீர்க்கும், அதற்குள் துகள்கள் ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்துவிடும். கலந்த பிறகு எத்தனாலை அப்படியே விட்டுவைப்பதும் இதே தவறுதான். உடனே கூழ்மப் பிரிப்புப் (டயாலிசிஸ்) பையிலிட்டு பிஹெச் 7.4-க்குக் கொண்டுவாருங்கள். உள்ளே எவ்வளவு அடைபட்டது என்பதை ஆர்.என்.ஏ.-வில் ஒட்டி ஒளிரும் சாயத்தால் பார்க்கலாம். துகளைச் சோப்புக் கரைசலால் உடைக்கும் முன்பும் பின்பும் ஒளிர்வை அளந்தால் வித்தியாசம்தான் உள்ளே இருந்தது. 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் மறுபடி தொடங்குவதே நல்லது. உறைய வைப்பதானால் சுக்ரோஸ் சேர்க்காமல் வைக்காதீர்கள், மேலே தங்கத்துக்குச் சொன்ன அதே பனிக்கட்டிச் சிக்கல் இங்கும் உண்டு.

இத்துகளை இரத்தக் குழாயில் செலுத்தினால் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகும். இரத்தத்தில் உள்ள அபோலிப்போபுரதம் ஈ அதன்மேல் ஒட்டிக்கொள்வதால், கல்லீரல் செல் அதைக் கொழுப்புத் துகள் என்றே எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2018-ல் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் மருந்து இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்தியது. 2025 மே மாதம் வெளியான செய்தி இன்னும் பெரிது. அம்மோனியாவை வெளியேற்ற முடியாத அரிய மரபுக் குறையோடு அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு, அந்தக் குழந்தையின் பிழைக்கு மட்டுமே பொருந்தும் மரபணுத் திருத்தியை இதே வகைக் கொழுப்புத் துகளில் அடைத்துக் கொடுத்தார்கள். அதை உருவாக்க எடுத்தது சுமார் ஆறு மாதம். கல்லீரலைத் தாண்டி மற்ற உறுப்புகளை எட்டுவதுதான் இன்றும் முட்டுக்கட்டை. செல்லுக்குள் போன சரக்கிலும் மிகச் சிறு பங்கே பையிலிருந்து தப்புகிறது. 2013-ல் சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.-வை வைத்து அளந்தபோது அது 1 முதல் 2 சதவீதமே.

கேள்வி: '2 நானோமீட்டர் சிப்' என்கிறார்களே, அதில் எது 2 நானோமீட்டர்?

பதில்: எதுவும் இல்லை, அது தலைமுறைப் பெயர். அந்தத் தலைமுறையில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் வாயில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 45 நானோமீட்டர், மிக நெருக்கமான கம்பி வரிசையின் இடைவெளி ஏறத்தாழ 20. பெயர் பொய்யானாலும் வேலை பொய்யல்ல. சில நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாயில் அவற்றை நாலாபுறமும் சுற்றிப் பிடிக்கும் அமைப்பு இது.

இதை வரைய 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். உருகிய தகரத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் விழவைத்து, லேசரால் முதலில் தட்டையாக்கி, மறு அடியில் பிளாஸ்மாவாக்கி அந்த ஒளியைப் பெறுகிறார்கள். காற்றும் கண்ணாடி வில்லையும் அதை விழுங்கிவிடும் என்பதால் எல்லாம் வெற்றிடத்தில், பல அடுக்கு ஆடிகளால். ஒவ்வொரு ஆடியும் சுமார் 70 சதவீதமே திருப்பும், பத்து ஆடி தாண்டினால் 3 சதவீதம்கூடத் தேறாது. இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. இந்த ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் முந்தைய 193 நானோமீட்டர் ஒளியின் ஃபோட்டானைப்போல் 14 மடங்கு ஆற்றல் கொண்டது. அப்படியானால் அதே ஆற்றலுக்கு 14-ல் ஒரு பங்கு ஃபோட்டான்தான் விழும். எண்ணிக்கை குறைந்தால் தற்செயல் ஏற்றத்தாழ்வு கூடும். கோடிக்கணக்கான துளைகளில் ஏதோ ஒன்றில் போதிய ஃபோட்டான் விழாமல், அந்தத் துளை திறக்காமலே போய்விடும். கருவியில் பழுது எதுவும் இருக்காது.

கேள்வி: கிராஃபீன் இரண்டு தாளை 1.1 டிகிரி திருப்பினால் மின்தடை மறைகிறதாம். 1 டிகிரிக்கும் 1.1-க்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: கிராஃபீன் என்பது ஒரே அணுத் தடிமனுள்ள கரித் தாள். மெல்லிய வலைத்துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சற்றே திருப்பினால் பெரிய கட்டங்கள் தெரியும் அல்லவா? 1.1 டிகிரியில் கிராஃபீனில் அந்தக் கட்டம் சுமார் 13 நானோமீட்டர். அந்தக் கோணத்தில் எலக்ட்ரான்களின் ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும் என்று 2011-ல் பிஸ்ட்ரிட்சரும் மெக்டோனால்டும் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஓடும் ஆற்றல் குறைந்தால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதே மேலோங்கும். 2018-ல் எம்.ஐ.டி.-யில் ஹரில்லோ-ஹெரேரோ குழு அதைச் செய்து பார்த்து, 1.7 கெல்வினில் மீக்கடத்தலை, அதாவது மின்தடை மறைவதை, கண்டது.

கோணத்தைப் பிடிக்கும் வழி எளிமையானது, அழகானதும்கூட. தனித்தனித் தாள் இரண்டை எடுத்தால் அவற்றின் அணு வரிசை எந்தத் திசை என்று தெரியாது. ஆகவே ஒரே தாளைப் பாதியாகக் கிழிக்கிறார்கள். பாலிமர் முத்திரையில் ஒட்டிய போரான் நைட்ரைடு துண்டு முதல் பாதியைத் தூக்கும். மேடையை 1.1 அல்லது 1.2 டிகிரி திருப்பி, அதே முத்திரையால் மறுபாதியைத் தூக்க வேண்டும். தொல்லை இதன்பிறகே தொடங்குகிறது. இரு தாள்களுக்கு நடுவே சிக்கிய காற்றும் அழுக்கும் குமிழாகும். சூடாக்கினால் குமிழ் ஒதுங்கும், ஆனால் சூட்டில் தாள்களும் நழுவித் தங்களுக்குப் பிடித்த திருப்பமற்ற நிலைக்கே திரும்பப் பார்க்கும். ஒரே மாதிரியிலேயே இடத்துக்கு இடம் 0.1 டிகிரி அளவு கோணம் மாறுவதும் உண்டு. நீங்கள் கேட்ட அதே 0.1 டிகிரி!

கேள்வி: 2025 வேதியியல் நோபல் பெற்ற உலோக-கரிமச் சட்டகம் நானோ தொழில்நுட்பத்தில் சேருமா? நாங்கள் செய்த மாதிரியில் துளைப்பரப்பு எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

பதில்: சேரும். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய இந்தச் சட்டகத்தின் (சுருக்கமாக மாஃப்) துளைகள் நானோமீட்டர் அளவுடையவை. கிட்டகாவா, ராப்சன், யாகி மூவரும் பெற்ற பரிசு அது. துளைப்பரப்பு குறைந்தது எனில், முதலில் உங்கள் மாதிரி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்தபோது பயன்படுத்திய டைமெத்தில் ஃபார்மமைடு 153 டிகிரியில் கொதிப்பது. அது துளைகளில் குடியிருக்கும் வரை வாயு நுழைய இடமில்லை. மெத்தனால் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பானில் இரண்டு மூன்று நாள், தினம் மாற்றி மாற்றி ஊறவைத்து, பிறகு வெற்றிடத்தில் மிதமாகச் சூடாக்குங்கள். அவசரப்பட்டு நேரடியாகச் சூடேற்றினால், வெளியேறும் திரவத்தின் பரப்பு இழுவிசையே மென்மையான சட்டகத்தை உள்நோக்கி இழுத்து நொறுக்கிவிடும். துத்தநாக வகையான மாஃப்-5 என்றால் காற்றின் ஈரமே போதும், அது குலைந்துவிடும். சிர்கோனியம் வகைகள் இந்த விஷயத்தில் உறுதியானவை.

கேள்வி: குவாண்டம் புள்ளித் திரையில் காட்மியம் இருக்குமா?

பதில்: குவாண்டம் புள்ளி என்பது தன் அளவுக்கேற்ற நிறத்தில் ஒளிரும் குறைகடத்தி நானோ துகள். பழைய வகைகள் பலவற்றில் காட்மியம் உண்டு. இப்போது இண்டியம் பாஸ்பைடு அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. ஐரோப்பிய விதிப்படி மின்னணுப் பொருளில் காட்மியத்தின் வரம்பு 0.01 சதவீதம். இண்டியம் பாஸ்பைடில் ஒரே அளவுத் துகளைப் பெறுவது கடினம் என்பதால் நிறத்தின் கூர்மை சற்றுக் குறையும்.

கேள்வி: புட்டி நீரில் லட்சக்கணக்கான நானோ பிளாஸ்டிக் என்ற செய்தி உண்மையா?

பதில்: 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட அளவீடு அது. லிட்டருக்குச் சராசரியாக சுமார் 2,40,000 பிளாஸ்டிக் துகள், அதில் 90 சதவீதம் நானோ அளவு. இரண்டு லேசர்களை ஒரு வேதிப் பிணைப்பின் அதிர்வுக்கு இசைவாக வைத்துத் துகளைத் தனித்தனியே அடையாளம் காணும் முறையால் இது கைகூடியது. தலைப்புச் செய்தியில் வராத இரண்டு விவரங்கள் முக்கியம். அதிகம் கண்ட பிளாஸ்டிக்குகளில் ஒன்று பாலிஅமைடு. நீரைச் சுத்திகரிக்கும் சவ்வு வடிகட்டியிலிருந்தே அது உதிர்ந்திருக்கலாம் என்பது அக்குழுவின் கருத்து. மற்றது, அவர்கள் தேடியது ஏழு வகைப் பிளாஸ்டிக்கை மட்டுமே. நீரில் கண்ட மொத்த நானோ துகளில் அந்த ஏழும் சேர்ந்து சுமார் 10 சதவீதம்தான். மீதி எவை என்று பிரித்துச் சொல்ல அந்த அளவீட்டால் முடியவில்லை.